நீ ஏறு மச்சான்

போன வருடம் என் நண்பனோடு சிலி நாட்டுக்குப் போனேன். மெல்பேர்ணில், ட்ருகனினாவில் எனக்கு அடுத்த தெருவில் இருப்பவன். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவன் ஆறு மாதம் போனில் ஸ்பானிஷ் படித்தவன். எனக்கு நன்றி சொல்ல ‘கிராசியாஸ்’ மட்டும் தெரியும். பாஷைக்கு அவன், கணக்குக்கு நான் என்று பேசிக்கொண்டுதான் புறப்பட்டோம்.

தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் மத்தியானப் பஸ் வரவில்லை. அடுத்தது மறுநாள்தான். அந்தப் பக்கத்தில் தெருவோரம் நின்று கைகாட்டி ஏறுவது வழக்கமாம். சரளைத் தெருவில் பைகளோடு நின்றோம். பதினேழு வாகனங்கள் நிற்காமல் போயின. பதினெட்டாவது ஒரு பழைய பிக்கப். முன்னால் ஒரே ஒரு இடம், பின்னால் முழுக்க விறகு.

“நீ ஏறு மச்சான், நான் பிறகு வாறன்” என்றேன்.

எங்கள் ஆட்களுக்கு இதன் முறை தெரியும். கலியாண வீட்டுப் பந்தியில் கடைசிக் கதிரைக்கும் இதுதான் நடக்கும். ஒருவன் நீ இரு என்பான், மற்றவன் சீச்சீ நீ இரு என்பான். மூன்று சுற்று முடிய உடம்புக்கு ஏலாதவன் அதில் இருப்பான். முழங்கால் ஏலாதவன் நான்.

“ஓம், அதுவும் சரிதான்” என்று அவன் ஏறிவிட்டான். “போனவுடன ஆரையும் பிடிச்சு அனுப்புறன். இதிலயே நில்.”

நின்றேன். அவன் போன திசையிலிருந்து வந்த ஒவ்வொரு வாகனமும் எனக்காகவே வருகிறது என்று நினைத்துக் கையைக் காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை. குளிரில் முழங்கால் மரத்துப்போய், இருட்டத் தொடங்கிய நேரத்தில்தான், நாயோடு வந்த ஒரு பெண் இரங்கி ஏற்றினாள்.

நாங்கள் தங்கலாம் என்று எங்களுக்குள் பேசியிருந்த விடுதியின் சொந்தக்காரி என்னைக் கண்டு திகைத்தாள். அவன் அப்போது குளித்துக்கொண்டிருந்தான். அவள் தன் போனில் பேசி, அதை ஆங்கிலமாக்கிக் காட்டினாள். உங்கள் நண்பர் தனியாக வந்ததாகச் சொன்னாரே, இருந்த கடைசிக் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. எனக்குக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சோபாவை ஒதுக்கித் தந்தாள்.

அவன் தலையைத் துடைத்தபடி வந்தான். “வந்திட்டியே? நான் சொல்லி விட்டனான், ஒருத்தரும் வரேல்லையோ?”

“இல்லை” என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பாஷை தெரிந்த வாய் அவனிடம்தான் இருந்தது.

மெல்பேர்ணுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போனோம். சாப்பாட்டு மேசையில் நாலு பேருக்கு முன்னால் அவன் அந்தக் கதையை எடுத்தான். “இவர் என்னை வற்புறுத்தி ஏத்தினவர். கர்ணன்தான்.” எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “அங்கிளுக்குப் பெரிய மனசு” என்றாள் பக்கத்திலிருந்த பிள்ளை.

“நான் சும்மா சொன்னது. நீ மறுப்பாய் எண்டுதான்” என்றேன். “அதோட, நீ தனிய வந்ததா எல்லோ விடுதிக்காரிக்குச் சொன்னனீ.”

அவன் அப்பளத்தை நொறுக்கினான். “ஒரு கட்டில்தான் இருந்தது. இதை இவ்வளவு நாளும் மனசில வச்சிருந்தனீயோ? சின்னப் பிள்ளை மாதிரி.”

மற்றவர்களும் அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்கள். பாயாசம் வந்தது. ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை.

வந்தது அவனுடைய காரில். திரும்பும்போது, அவனுக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாக இருக்க, நான் பின் சீற்றில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.