லீமாவின் முற்றம்

கருவாட்டின் வாலைப் பட்டென்று ஒடித்து, வாங்க வந்தவரின் மூக்கருகே நீட்டுவாள் லீமா. கோட்டாற்றுச் சந்தையில் வேறு யாரும் இப்படி விற்பதில்லை. "மணத்திப் பாரும் ஓய். மண்ணு வாடை அடிக்குதா? அடிச்சா கூடையோட கடல்ல கொட்டுதேன்." பல வருஷமாக அவளிடமே வாங்குகிறவருக்கும் இந்த மரியாதை தப்பாது. வாடை அடிக்காது. மணலில் காயப் போட்டால்தானே மண் ஏறும்? அவள் கருவாடு வீட்டு முற்றத்தில், ஓலைப் பாயில் காய்வது.

சுமையை இறக்காமலே சண்டை போடுவாள். கை இரண்டும் காற்றில் பேசும். தலையில் கூடை அசையாது.

முட்டத்துக்கு மேற்கே பழைய குடிசைகளைக் கடல் வாரிக்கொண்டு போன பிறகு, அந்தக் கரை மீனவர்கள் வீடு கட்டும் சங்கம் ஒன்று வைத்தார்கள். கல் சுவர், ஓட்டுக் கூரை. கணவனைக் கடல் கொண்டுவிட்டதால் அவன் பங்கு லீமாவின் பெயருக்கு வந்தது. சங்கத்தின் காரியதரிசி யூஜின், பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர். ஆனால் சங்கத்துக்குப் பைலா எழுத உட்கார்ந்தவர், நகரத்துக் குமாஸ்தாக்களின் சங்க விதிகளை அப்படியே படியெடுத்துவிட்டார். அதில் ஒன்று: "மீன் முதலிய துர்நாற்றப் பொருள்களை வீட்டு வளவில் உலர்த்தலாகாது. மீறினால் வீடு சங்கத்தைச் சேரும்."

மற்றவர்கள் அதிகாரி கண்ணில் படாமல் வீட்டுக்குப் பின்னால் காயப் போட்டார்கள். லீமாவின் வீட்டில் வெயில் விழுவது முன்பக்கம்தான். பார்வையிட வந்த அதிகாரி மூக்கைப் பொத்தினார். மறுவாரம் அவளுக்கு நோட்டீசு வந்தது. இன்னொரு முறை கண்டால் வீடு போகும்.

சித்திரைப் பொதுக்கூட்டத்தில் விதியை மாற்றக் கேட்டாள். "மீனு நாறுதுன்னு மீன்காரன் சங்கத்திலேயே எழுதி வச்சது எந்த ஊரு நியாயம் சாரே?"

எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னபோதோ அவள் கை மட்டும் தனியே நின்றது. "சர்க்கார் முத்திரை போட்ட காயிதமாக்கும். அதுல கை வச்சு, உள்ள வீட்டையும் புடுங்கிட்டுப் போனா?" என்றான் வள்ளக்காரச் சிலுவை.

லீமா அன்று சண்டை போடவில்லை. தெருப் பெண்களைக் கூட்டினாள். "ஏட்டி, சட்டம்னா எல்லாருக்குந்தான். இனி முன்னாலயும் வேண்டாம், பின்னாலயும் வேண்டாம். ஒருத்தியும் மீனு காயப் போடக் கூடாது, கேட்டியளா?"

கிடைத்த மீனைப் பச்சையாகவே விற்றார்கள். பச்சை மீன் பொழுது சாய்ந்தால் யாருக்கும் வேண்டாம். லீமாவே பல நாள் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆனியில் கடல் பொங்கியது, வள்ளங்கள் கரையேறின. பரணில் கருவாடு இருந்தால்தான் அந்த மாதங்கள் கழியும். அந்த ஆண்டு பரண்கள் துடைத்து வைத்தாற்போல் இருந்தன. தெருவில் துர்நாற்றம் என்ற பேச்சே இல்லை.

"கஞ்சிக்கு என்னட்டி இருக்கு?" என்று சிலுவை கேட்டான். "உப்பு" என்றாள் மனைவி. வாத்தியார் வீட்டிலும் அதே கதைதான். கறி எங்கே என்று கேட்ட யூஜினுக்கு அவர் மனைவி கிரேசி மேசைமேல் கிடந்த விதிப்புத்தகத்தைக் காட்டினாள். "பைலா இருக்குல்லா? சுட்டுத் தின்னுங்கோ."

ஆடி முடியுமுன் ஆண்களே கூட்டம் கூட்டச் சொல்லிக் காரியதரிசியின் வாசலில் போய் நின்றார்கள். லீமா எழுந்து தீர்மானத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் கைகள் கிளம்பிவிட்டன. சிலுவை இரண்டு கையையும் தூக்கினான்.

"ஏலே, ஆளுக்கு ஒரு கைதாம்லே!" என்றாள் லீமா.

"மத்தது எம் பொண்டாட்டிக்காக்கும். இல்லேன்னா இன்னைக்கும் உப்புதான்!"

சிரிப்பு அடங்கியபின் யூஜினும் மெல்லத் தம் கையைத் தூக்கினார். எதிர்க்க ஒருவரும் இல்லை.

அன்று தலைநகராயிருந்த திருவனந்தபுரத்திலிருந்து, புது விதிக்குப் பதிவாளரின் ஒப்பம் வந்தபோது வானம் வெளுத்திருந்தது. தெரு நெடுகப் பாய்கள் விரிந்தன. வாத்தியார் வீட்டு வளவு முழுவதும் புன்னை நிழல். அங்கே மீன் காயாது. ஒரு காலையில், உப்பிட்ட சாளை மீன் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவரே லீமாவின் வாசலில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

லீமா குனிந்து தன் பாயை மீனோடு ஓரமாக இழுத்துப் போட்டு, நல்ல வெயில் விழுந்த பாதியை அவருக்கு ஒழித்துக் கொடுத்தாள்.