வடைத் தட்டுக்கு அடியில் வந்த சர்க்குலர்

எனக்குக் குரல் கிடையாது. ஊமை இல்லை. ஆனால் நான் பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் போய்ச் சேரும்.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவரிசைக் கிளினிக்கில் கூட்டித் துடைக்க, தேத்தண்ணி கலக்க, நம்பர் கூப்பிட என்று வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் நோயாளிகள் காலையில் வந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டும் பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினார். "நம்ம அக்காவுக்காக வாங்குனது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர். அக்கா இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக அக்காவாகவே இருக்கிறேன்.

டாக்டர் கைராசிக்காரர். அவரிடம் ஒரே ஒரு குறை, வருகிற கடிதத்தைப் படிக்க மாட்டார். எங்கே என்ன காய்ச்சல் பரவுகிறது, எந்த நோயாளியை எப்படிக் கவனிக்க வேண்டும், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சுகாதார இலாகாவிலிருந்து சர்க்குலர் வரும். டெங்கி, சளிக்காய்ச்சல், நாய்க்கடி என்று வகை வகையாக வரும். டாக்டரின் போன் மேசை டிராயரில் தூங்கும் என்பதால் மிஸ்ஸிதான் எல்லாவற்றையும் அச்செடுத்து உள்ளே கொண்டுபோவாள். கெட்டிக்கார நர்ஸ்.

"டாக்டர், இது ரொம்ப இம்போர்ட்டன்ட் லா."

"எல்லாமே இம்போர்ட்டன்ட்தான். தட்டுல வை."

தட்டு என்றது ஒரு பிளாஸ்டிக் டிரே. அதில் போனது எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் நான் ஒரு தப்பு செய்தேன். டாக்டருக்குப் பத்து மணிக்குத் தேத்தண்ணியும் இரண்டு பருப்பு வடையும் வேண்டும். மேசையில் எண்ணெய் படாமல் இருக்க, வடைத் தட்டுக்கு அடியில் பழைய பேப்பர் விரிப்பேன். அன்றைக்குப் பழைய பேப்பர் இல்லை. டிரேயில் கிடந்ததைப் பழசு என்று நினைத்து ஒன்றை உருவி விரித்துவிட்டேன். தேத்தண்ணியோடு திரும்பி வந்தால், டாக்டர் ஒரு கையில் வடையோடு குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார். தட்டை இடது பக்கம் தள்ளிப் படிக்கிறார், வலது பக்கம் தள்ளிப் படிக்கிறார்.

"ஏ மிஸ்ஸி, டெங்கியைப் பத்தி இது எப்ப வந்துச்சு? யாருமே என்கிட்ட சொல்லலையே!"

"போன வாரமே வந்துருச்சு டாக்டர்" என்றாள் மிஸ்ஸி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. இந்த மனுஷருக்குச் சாப்பிடும்போது கண் சும்மா இருக்காது. வடை சுற்றி வந்த பழைய பத்திரிகையில் பாதிக் கொலைச் செய்தியைப் படித்துவிட்டு, "மிச்சப் பாதி எங்கே?" என்று கடைக்கு ஆளனுப்பினவர்தானே.

அன்றிலிருந்து சர்க்குலர் என் வேலையாகிவிட்டது. ஆறாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். மலாய் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன், பாதி விளங்கும். ஆகவே மிஸ்ஸி முக்கியமான வரிக்கு மஞ்சள் அடித்துத் தருவாள். அந்த வரி தட்டுக்கு வெளியே தெரிகிற மாதிரி விரிப்பது என் பொறுப்பு. பெரிய தட்டு எழுத்தை மறைக்கிறது என்று பாசார் சந்தைக்குப் போய்ச் சின்னத் தட்டு வாங்கி வந்தேன். ஒரு பக்கம் வந்தால் இரண்டு வடை, இரண்டு பக்கம் வந்தால் மூன்று. ஒருமுறை ஐந்து பக்கம் வந்துவிட்டது. "இதுக்கு வடை பத்தாது ஆன்டி, தோசை வாங்குங்க" என்றாள் மிஸ்ஸி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் டாக்டரின் ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது. அவர் மகள் போன் போட்டு, "இனிமே அப்பாவுக்கு வடை கொடுத்தீங்கன்னா நானே அங்க வந்துருவேன்" என்று மிரட்டினாள். வடைக்குப் பதிலாக ஓட்ஸ் பிஸ்கட் வந்தது. அதை அவர் மேசையில் உட்கார்ந்து தின்னவில்லை. ஜன்னல் பக்கம் நின்று, எதிரே வடைக்கடையைப் பார்த்தபடியே மென்றார். டிரேயில் மறுபடி பேப்பர் ஏற ஆரம்பித்தது.

அப்போதுதான் சளிக்காய்ச்சல் சீசன் வந்தது. உட்கார இடமில்லாமல் ஜனம் இருமியது. மிஸ்ஸியும் படுத்துவிட்டாள். காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. மூக்கடைப்பில் யார் பேசுவது என்றே முதலில் தெரியவில்லை.

"ஆன்டி, நேத்து சாயங்காலம் ஒண்ணு வந்துச்சு. மஞ்சள் அடிச்சு டிரேயில மேலயே வச்சிருக்கேன். வயித்துப் பிள்ளைக்காரங்களுக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தா டெஸ்டுக்குக் காத்திருக்கக் கூடாதாம், அந்த ஃப்ளூ மருந்தை உடனே ஆரம்பிக்கணுமாம். டாக்டர் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. நீங்க எப்படியாச்சும் அவர் கண்ணுல காட்டிருங்க."

"வடை இல்லையேம்மா" என்றேன்.

"ஐயோ ஆன்டி, வாயைத் திறந்து சொல்லுங்க!"

மருந்து கொடுக்க வந்திருந்த பிள்ளை புதுசு. அவளிடம் சொல்லவும் எனக்குக் கூச்சம். பேப்பரைக் கையில் எடுத்தேன். டாக்டர் அறைக் கதவு வரைக்கும் போவேன், திரும்பிவிடுவேன். துடைத்த தரையையே மூன்று தடவை துடைத்தேன்.

பெட்டியில் முப்பத்து நாலு வந்தது. எழுந்தது ஒரு சின்னப் பொண்ணு, பக்கத்து ஊர் மேருவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள். ஏழு மாத வயிறு. இருமும்போது ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டாள். உள்ளே போனாள், வந்தாள். பாரசிட்டமாலும் இருமல் தண்ணியும் வாங்கிக்கொண்டு, "பஸ் வந்துரும் ஆன்டி" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

பேசத்தான் வராது, தட்டு வைக்கத் தெரியுமே! சின்னத் தட்டை எடுத்தேன். உள்ளே போய் டாக்டர் முன்னால் சர்க்குலரை விரித்து, வெறும் தட்டை அதன் நடுவில் வைத்தேன்.

டாக்டர் முகம் மலர்ந்தது. "வடையா அக்கா? மகளுக்குச் சொல்லிராதீங்க." குனிந்து பார்த்தார். "வடை எங்க?"

"இல்ல டாக்டர்."

"அப்ப எதுக்குத் தட்டு?"

தட்டை ஓரமாகத் தள்ளினேன். மஞ்சள் வரி தெரிந்தது. பழக்கதோஷம், படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பத்து நாலு போயிட்டாங்களா?"

வெளியே ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது, அவள் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். பேர் எனக்கு ஞாபகம் வரவில்லை. தெரிந்தது நம்பர் மட்டும்தான்.

"முப்பத்து நாலு!"

அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று நானே திரும்பிப் பார்த்தேன். கோப்பிக் கடையில் இருந்த சீனக் கிழவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். வடைக்கடை அண்ணன் கரண்டியோடு வெளியே வந்தார். அவள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தாள். "தீகா பூலோ எம்பாட்!" என்று மலாயிலும் ஒரு கத்து கத்தினேன். பஸ் டிரைவர் பயந்துபோய்க் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அவள் இறங்கிவிட்டாள்.

"ஆன்டி, நீங்களா கத்துனது?" என்று இருமிக்கொண்டே கேட்டாள். கூட்டிவந்தேன். டாக்டர் அவளைத் திரும்ப உட்காரவைத்துப் பொறுமையாகப் பரிசோதித்து, அந்த மருந்தை அப்போதே கொடுத்தார். மூச்சு வாங்கினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, நாலு நாளில் இங்கே வா என்றார்.

நாலாம் நாள் வந்தாள். காய்ச்சல் இல்லை, பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். உதைப்பதை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"இவ்வளவு குரலை வச்சிக்கிட்டா அக்கா, என்னைப் பெட்டி வாங்க வச்சீங்க?" என்றார் டாக்டர். நான் ஏதோ பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

இப்போதும் காலை பத்து மணிக்குச் சர்க்குலரை விரித்து வெறும் தட்டைத்தான் வைக்கிறேன். டாக்டர் வந்து உட்கார்ந்து, முதலில் தட்டைத் தூக்கி அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் படிப்பார்.