வக்கீல் அர்தீலியாவும் ஞாயிற்றுக்கிழமைத் தாள்களும்

அமெரிக்காவின் மேக்கன் நகரத்தில் வேலையில் அநியாயம் நடந்தால் கறுப்பர்கள் முதலில் போவது தேவாலயத்துக்கு. அடுத்து அர்தீலியா பெட்டிஜானிடம். இரண்டு இடத்திலும் பொறுமையாக இருக்கத்தான் சொல்வார்கள். அர்தீலியா மட்டும் எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்வார். நூற்றெண்பது நாளுக்குள் அரசாங்கத்திடம் புகார் போய்ச் சேராவிட்டால், அப்புறம் தேவதூதரே இறங்கி வந்து சாட்சி சொன்னாலும் கோர்ட் காதில் ஏறாது.

அவர் வக்கீலானது முப்பத்தாறு வயதில். அதற்கு முன் பன்னிரண்டு வருடம், முதலாளிகளுக்காக வாதாடும் பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்தார். ஆளை முதலில் துரத்திவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடும் கடிதங்கள் அவர் விரல் வழியாக ஆயிரக்கணக்கில் போயின. சட்டக் கல்லூரியில் கற்றது அதற்குப் பிறகுதான். பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

சிகையலங்காரக் கடை ஒன்றின் மாடியில் அலுவலகம் போட்டு முப்பத்தோரு வருடம் ஆகிறது. கோப்புகளில் எல்லாம் தலைக்குத் தடவும் எண்ணெய் வாசனை. ஜெயித்த வழக்குகளைவிடத் தோற்றவை அதிகம். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு வேறு மாதிரி சொல்கிறவரிடம் வழக்கைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஐடெல்லா க்ரம்ப் வந்தது ஒரு வசந்த காலத்தில். ஆற்றோர ஹோட்டல் ஒன்றின் அடித்தளச் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருடம். மூன்று வெள்ளைக்காரப் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தார். மூவரும் வரிசையாக அவருக்கு மேற்பார்வையாளர் ஆனார்கள். நாலாவது தடவை அந்தப் பதவியைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்டபோது, மேலாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அர்தீலியா எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னார்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம் சிஸ்டர். அவன் என்ன சொன்னான், பக்கத்துல யாரு, என்ன தேதி, எல்லாத்தையும் எழுதிவை."

"அதெல்லாம் ரெண்டு வருஷமா எழுதிட்டுத்தானே இருக்கேன்."

மறுநாள் ஒரு தொப்பிப் பெட்டி வந்தது. உள்ளே மவுண்ட் நேபோ தேவாலயத்தில் ஞாயிறுதோறும் வாசலில் கொடுக்கும் நிகழ்ச்சித் தாள்கள், நூற்றுக்கு மேல். வாரத்தில் ஐடெல்லா நிம்மதியாக உட்காரும் ஒரே நேரம் பிரசங்க நேரம்தான். ஆகவே அந்த வாரத்து அவமானங்களையெல்லாம் தாளின் ஓரத்தில் எழுதிவிடுவார். ஒவ்வொன்றின் தலையிலும் அச்சிட்ட தேதி. பிறகு உட்கார்ந்து ஜோடித்தது என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது. அர்தீலியா உடனே படிக்க உட்கார்ந்தார். சந்தோஷமாகத்தான்.

நாலாவது தாளைத் திருப்பியதும் சந்தோஷம் நின்றது. ஐடெல்லா மேலாளரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. பாஸ்டர் ஹோல்ஸி ஒரே பிரசங்கத்தை மூன்றாம் முறை ஓட்டுவது, பாஸ்டர் மனைவியின் தொப்பியில் எந்தப் பறவை செத்திருக்கும் என்ற யூகம், பாடகர் குழுவில் யார் வாயை மட்டும் அசைக்கிறார் என்பது எல்லாம் அதே ஓரத்தில், அதே பேனாவில் இருந்தன.

வழக்கு என்று வந்தால், எதிர்த் தரப்பு கேட்டதும் அத்தனையையும் கொடுத்தாக வேண்டும். வழக்குப் போட்ட கையோடு ஹோட்டல்காரர்கள் கேட்டும்விட்டார்கள்.

"எரிச்சிடுறேன்," என்றார் ஐடெல்லா.

"எரிச்சா வழக்கும் போச்சு, என் லைசென்ஸும் போச்சு."

"கோயில் சமாச்சாரத்த மட்டும் மை பூசி மறைச்சிடுங்க."

"பூசினா அடியில என்னன்னுதான் முதல்ல கேப்பான்."

"மூணாவது பெஞ்சு எங்கம்மா உக்காந்த பெஞ்சு வக்கீலம்மா. இது வெளிய வந்தா என் பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா. வேலைய அவனே வச்சிக்கட்டும், வழக்கு வேணாம்."

அர்தீலியாவும் அதே தேவாலயம்தான், ஐந்தாவது பெஞ்சு. பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னைப் பத்தி எழுதினதயும் படிச்சிட்டேன். படிச்சிட்டும் உன் வக்கீலாத்தான் உக்காந்திருக்கேன். மத்தவங்களுக்கு என்ன கேடு?"

ஐடெல்லா அந்தத் தாளைத் திரும்பப் பெட்டியில் போட்டார். பிறகு பெட்டியை மூடி, அர்தீலியா பக்கமாகத் தள்ளினார்.

கோர்ட்டுக்குப் போகும் முன் வாக்குமூலம் எடுத்தது ஹோட்டல் வக்கீல் வின்ஷிப்பின் அலுவலகத்தில். நீள மேசை, ஓரத்தில் ஒவ்வொரு சொல்லையும் தட்டிக்கொண்டிருந்த சுருக்கெழுத்துப் பெண். ஐடெல்லா யாரையும் விட்டுவைக்காத வாய்க்காரி என்று காட்டிவிடலாம் என்பது வின்ஷிப்பின் கணக்கு. ஒரு தாளை ரசித்து எடுத்தார்.

"'சிஸ்டர் பெட்டிஜான் கண்ணை மூடியிருப்பது ஜெபத்துக்கு அல்ல. ஜெபம் குறட்டை விடாது.' இதை நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான்."

"உங்க சொந்த வக்கீலைப் பத்தி?"

"அப்போ அவங்க எனக்கு வக்கீல் இல்ல. குறட்டை மட்டும்தான்."

"உண்மையில அப்படி நடந்துதா?"

"பைபிள் மேல சத்தியம் பண்ணியிருக்கேன் சார். நடந்துது."

வின்ஷிப் அர்தீலியாவைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமாக நிமிடத்துக்கு ஒரு ஆட்சேபம் எழுப்புகிறவர், பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதியையும் படிங்க," என்றார்.

அதே தாளில் அடுத்த வரி: 'செவ்வாய். உன் நிறத்து ஆள் அடித்தளத்தில் இருப்பதுதான் ஹோட்டலுக்கு அழகு என்றார் மேலாளர். பக்கத்தில் கணக்காளர்.' வின்ஷிப் அதைப் பாதிவரை சத்தமாகப் படித்தார். மீதியை மனதுக்குள் படித்தார். பாஸ்டரையும் சொந்த வக்கீலையும் விட்டுவைக்காதவள் மேலாளரைப் பற்றி மட்டும் பொய் எழுதியிருப்பாள் என்று ஜூரிகளை எப்படி நம்பவைப்பது? காபி குடித்துவிட்டு வரலாம் என்றார். அந்தக் காபி மூன்று வாரம் நீடித்தது. முடிவில் சமரசமாக மேற்பார்வையாளர் பதவி ஐடெல்லாவுக்கு வந்தது.

சுருக்கெழுத்துப் பெண்ணின் சித்தி அதே தேவாலயத்தில் பாடுகிறவர். தாள் சமாச்சாரம் ரகசியம் என்று சொல்லித்தான் பரவியது. அடுத்த ஞாயிறு மூன்றாவது பெஞ்சில் ஐடெல்லா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். அர்தீலியா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தூங்காமல் இருப்பது பெரும் பாடாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஐடெல்லா மாடிப்படி ஏறி வந்தார். கையில் புது வேலை நேரப் பட்டியல். மேற்பார்வையாளருக்கு ஞாயிறு வேலை, காலை ஏழு முதல் மூன்று, ஆராதனை நேரம் முழுவதும்.

"ஒருத்தரும் பக்கத்துல வராத பெஞ்சு. அதுக்கா சண்டை?" என்றார் அர்தீலியா, கோப்பு உறையைத் தேடிக்கொண்டே.

"வராட்டி போகட்டும், காலை நீட்டி உக்காந்துக்கறேன். பெஞ்சு என்னோடது."

ஒருவருடைய வழிபாட்டுக்கு வேலையில் இடம் விட வேண்டும் என்பதும், நிறம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிற அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அர்தீலியா அன்றே ஹோட்டலுக்குக் கடிதம் தட்டினார். ஞாயிறு ஆராதனையில் தன் கட்சிக்காரரின் பங்கு என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்கினார். பாடகர் இல்லை, ஜெபம் நடத்துகிறவரும் இல்லை. கடைசியில் 'கூர்ந்து கவனிப்பது' என்று எழுதினார்.

ஹோட்டல் அதற்கு எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.