தானாக விழுகிற பழம்

எங்கள் வீட்டு வளவில் நின்ற, அவகாடோ என்கிற ஆனைக்கொய்யா மரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மரம் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் வருகிறது.

அம்மாவும் அப்பாவும் மலையகத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இனக்கலவரத்துக்குப் பயந்து வடக்கே உருத்திரபுரத்துக்கு வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்தவள். மாமா ஒருமுறை மலையிலிருந்து வந்தபோது ஈரத்துணியில் சுற்றி மூன்று விதைகள் கொண்டுவந்தார். முதல் இரண்டு கன்றுகளும் மாரி மழைத் தண்ணீர் வேரில் தேங்கி அழுகிப்போயின. மூன்றாவதுக்கு அப்பா இடுப்பளவு மண்மேடு போட்டார். கோடையில் அனல்காற்றுப் படாமல் தென்னோலைக் கிடுகால் மறைப்புக் கட்டினார். அரிசி கழுவிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் அம்மா அதற்கே ஊற்றினார். குளிரில் வளருகிற மரம் இந்த வெக்கையில் எங்கே காய்க்கப்போகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

ஏழாம் வருடம் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்து மூன்று காய்கள் மிஞ்சின. இரண்டை அணில் தின்றது.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு மலேரியா. காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. ஆஸ்பத்திரியில் சனம் நிரம்பி வழிந்தது, மருந்துதான் இல்லை. எதைக் கொடுத்தாலும் அம்மா வாந்தி எடுத்தார். ஒருநாள், பட்டர்புரூட்டில் சீனி போட்டுப் பிசைந்து தந்தால் ஒரு வாய் உள்ளே போகும் என்றார். தேயிலைத் தோட்டத்தில் ஆனைக்கொய்யாவுக்கு அந்தப் பெயர்தான். யுத்தத் தடையில் சீனி கண்ணில் படாத காலம் அது. அப்பா இரண்டு நாள் சைக்கிளில் அலைந்து ஒரு தகரப் பேணி சீனி கொண்டுவந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இனிப் பழம் மட்டும்தான் வேண்டும்.

அது பழுக்கவில்லை. ஒவ்வொரு காலையும் நான் கதிரை போட்டு ஏறி அமுக்கிப் பார்த்தேன். கல்லாகவே இருந்தது. இறங்கி வந்து இன்னும் இல்லை என்று அம்மாவிடம் சொல்வேன். விழுந்து சிதறாமல் இருக்க, அப்பா வெங்காயப் பை ஒன்றைக் காயைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

பறித்து வைக்கட்டுமா என்று ஒருநாள் கேட்டேன்.

"கை வைக்காத புள்ள," என்றார் அம்மா. "பழுத்தா தானா விழும். விழுந்தாத்தான் அது நமக்கு."

தோட்டத்தில் ஆனைக்கொய்யா மரம் துரை பங்களாவின் வேலிக்குள் நின்றதாம். வெளியே விழுந்ததைப் பொறுக்கலாம், மரத்தில் கை வைக்கக் கூடாது. சிறுமியாக ஒரு காயைப் பறித்ததற்கு அம்மா பிரம்படி வாங்கியிருக்கிறார். பறித்த காயையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்பாவும் பொறுக்கித் தின்றவர்தான்.

ஆடியில் அம்மா செத்துப்போனார். பழம் விழவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அப்பா பையை அறுத்துக் காயைப் பறித்தார். எட்டாம் நாள் படையலுக்குக் காயாகவாவது வைக்கலாம் என்று, அணில் தொடாமல் நெல்மூட்டைக்குள் போட்டுவைத்தார். எட்டன்று நான் கையை விட்டு எடுத்தபோது விரல் உள்ளே புதைந்தது. அப்பாவிடம் நீட்டினேன். செத்த வீட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் முன்பு தோட்டத்துப் பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்தவர். அவர் பழத்தைப் பார்த்து, வெகு சாதாரணமாகச் சொன்னார்:

"நல்லாப் பழுத்திருக்கே. இது மரத்துல கெடந்தா பழுக்காது. முத்துனதும் பறிச்சு வச்சுரணும்."

அப்பா அலுமாரியைத் திறந்தார். சீனிப் பேணியின் மூடி இறுகியிருந்தது, அப்பாவால் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன். பிசைந்து, அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தோம்.

அந்த ஒரு வாய் அம்மாவைக் காப்பாற்றியிராது. அது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா கேட்டது அந்த ஒரு வாய்தான். ஒன்றரை மாதமாக அதை ஒவ்வொரு காலையும் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று சொன்னவள் நான்.