கம்பியில் படாத வளையம்

போன மாதம் நான் செய்த ஒரு மெஷின் என் மானத்தை வாங்கியது. அதுவும் எங்கே? ஆயுத பூஜை அன்று, நெற்றியில் சந்தனம், கையில் பொரிப் பொட்டலம் சகிதம் மொத்த ஆலையும் கூடி நின்ற இடத்தில்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எதைப் பார்த்தாலும் அதில் ஒரு சென்சார் மாட்டத் தோன்றும். குக்கர் விசிலை எண்ணி, மூன்றானதும் தானே அடுப்பை அணைக்கிற ஒரு சாதனத்தை வீட்டில் செய்து வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அது பக்கத்து வீட்டு விசிலையும் சேர்த்து எண்ணியது. தண்டலத்தில் எங்கள் தெரு நெருக்கம் அப்படி. ஒரு வாரம் வேகாத பருப்பைச் சாப்பிட்ட பிறகு, அம்மா அந்தச் சாதனத்தைப் பரணில் போட்டார். என்னையும் போட்டிருப்பார். பரண் சின்னது.

ஆலையில் மட்டும் இந்த வியாதிக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரகடத்தில், கார்களுக்கு இரும்பு வளையங்கள் செய்கிற ஆலை எங்களுடையது. நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஓடுகிற மோட்டார்களின் சத்தத்தைச் சென்சார் வழியாகக் கேட்டு, எது சீக்கிரம் படுக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. டாக்டர் மாதிரிதான். நோயாளி திட்ட மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று ஏ ஷிப்ட்டும் பி ஷிப்ட்டும் வளையம் வீசி விளையாடும். ஸ்க்ராப்பில் போட்ட வளையங்கள்தான். ஒரு பலகையில் இரும்புக் கம்பியை நட்டுவிட்டு, தூரத்திலிருந்து வீச வேண்டும். வளையம் கம்பியில் பட்டுத் தெறித்தால் ஒரு பாயின்ட். கம்பியில் மாட்டினால் மூன்று.

விளையாட்டுதானே என்கிறீர்களா? இல்லை. ஜெயிக்கிற ஷிப்ட்டுக்குத் தீபாவளி லீவு!

தீபாவளி அன்று ஆலை மூடியிருக்கும். முந்தின நாளும் மறுநாளும் ஓடும். இரண்டு ஷிப்ட்டும் ஒரே சமயத்தில் கிளம்பிவிட்டால் லைனை யார் பார்ப்பது? அதனால், ஜெயித்த ஷிப்ட் முன்னும் பின்னும் லீவு எடுத்துக்கொள்ளும். தோற்ற ஷிப்ட்டுக்குப் பொங்கலில் அதே சலுகை. மண்ணூர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை, பைக்கை உதைத்தால் வீடு. ஆனால் வல்லம் வடகாலில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு? போகவே ஒரு ராத்திரி வேண்டும்.

ஏ ஷிப்ட்டில் இசக்கியம்மாள் இருக்கிறாள். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வேலை. ஊர் தென்காசிப் பக்கம். ஆவணியில்தான் கல்யாணம் நடந்தது. அப்படியென்றால் இது என்ன தீபாவளி? தலை தீபாவளி! பொங்கல் லீவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

போட்டிக்கு முந்தின வாரம், கேன்டீனில் என் எதிரே தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"யக்கா, எங்கம்மை இப்பமே மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையெல்லாம் எடுத்து வச்சிட்டா. அவுகளுக்கு அவுக கம்பெனியில லீவும் கெடைச்சிட்டு. எனக்குக் கெடைக்கலைன்னா அவுக மட்டும் தனியாப் போயி மாமியா வீட்டுல உக்காந்துட்டு வரணும். நல்லாவா இருக்கும்?"

"ஸ்டீபன் சாரிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தாயா?"

"கேட்டேனே. 'ஒரு தலை தீபாவளிக்குக் குடுத்தா, நாளைக்குப் பத்து தலை தீபாவளி வந்து நிக்கும்மா'ன்னுட்டாரு."

ஸ்டீபன் சார் எங்கள் சூப்பர்வைசர். நல்ல மனிதர். விதி என்று ஒன்று இருந்துவிட்டால், அதைவிட்டு ஓர் அடி நகர மாட்டார்.

வளைய விளையாட்டில் அவருக்கு ஒரு தீராத தலைவலி. வருஷா வருஷம் சண்டை. "பட்டுச்சு" என்று ஒரு கூட்டம். "எங்க பட்டுச்சு, காத்துல போச்சு" என்று இன்னொரு கூட்டம். போன வருடம் பேச்சு முற்றி, கேசரி ஆறிப்போனது.

விடுவேனா நான்? "சார், இந்த வருஷம் மெஷின் தீர்ப்பு சொல்லட்டும்" என்றேன்.

கம்பிக்கு அடியில் ஒரு குட்டி மைக். வளையம் பட்டால் ஒரு 'டிங்' கேட்கும், போர்டில் ஒன்று எரியும். மாட்டிய வளையம் கம்பியில் ஆடி ஆடி இறங்கும். தொடர்ந்து டிங் டிங் டிங் என்று கேட்டால் மூன்று. கீழே விழுகிற சத்தம் குழப்பக் கூடாது என்று தடித்த ரப்பர் மேட் விரித்தேன். பக்கத்தில் ஒரு பழைய கேமரா. நாள் முழுக்கப் பதிவு செய்தால் மெமரி கார்டு தாங்காது இல்லையா? அதற்கும் ஒரு யோசனை. மைக் 'டிங்' என்று சொன்னால் மட்டும் அந்தச் சில விநாடி வீடியோவைச் சேமிக்கும். மற்றதையெல்லாம் மறந்துவிடும். மனித மூளை மாதிரி — எவ்வளவு அழகான வடிவமைப்பு!

ஒரு வாரம் சோதித்தேன். ஒரு பிழை இல்லை. ஸ்டீபன் சார் மகிழ்ந்துபோய், நோட்டீஸ் போர்டிலேயே எழுதிப்போட்டார்: மெஷின் சொல்வதே முடிவு. வாக்குவாதம் கிடையாது.

ஆயுத பூஜையும் வந்தது. மெஷின்களுக்கெல்லாம் மாலை. ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வாழைக்கன்று. முதல் வளையத்தை வீச வந்தவர் பி ஷிப்ட் கேப்டன் தேசிங்கு. மண்ணூர்க்காரர், வாய் நீளம். வீசினார். வளையம் கம்பிப் பக்கமே போகவில்லை. கேலியாக எல்லோரும் கைதட்டினார்கள்.

போர்டில் 'ஒன்று' எரிந்தது.

"இன்னா மேடம் இது! தட்டுனா பாயின்ட்டு தருது? சூப்பரா கீதே!"

அப்புறம் கேட்க வேண்டுமா? ஏ ஷிப்ட் வீசினால் ஏ ஷிப்ட் தட்டியது. பி ஷிப்ட் வீசினால் பி ஷிப்ட் விசில் அடித்தது. யாரோ தும்மினார்கள், அதற்கும் ஒன்று. வாசலில் ஃபோர்க்லிஃப்ட்டுக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். போர்டில் பளிச்சென்று மூன்று!

"பூசணிக்கா நம்ம டீமு! எழுதிக்கோங்க சார்!" என்று கத்தினார் தேசிங்கு.

நான் லேப்டாப்பைத் திறந்து வீடியோவைப் பார்த்தேன். கார்டு நிரம்பி வழிந்தது. கைதட்டல், கைதட்டல், விசில். ஒரு கிளிப்பில் ஸ்டீபன் சாருக்குப் பொரி புரையேறி இருமுகிறார். அதற்கு ஏ ஷிப்ட்டுக்கு ஒரு பாயின்ட்.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சுற்றியுள்ள சத்தத்தைத் தாண்டித் திடீரென்று எது கேட்டாலும் அதை 'டிங்' என்று எடுத்துக்கொள்ளும்படி மைக்கைப் பழக்கியிருந்தேன். பழக்கியது எப்போது? லைன் ஓடும்போது! அந்த இரைச்சலில் கைதட்டலாவது, தும்மலாவது... எல்லாம் அமுங்கிப்போகும். மைக்குக்குப் பக்கத்திலேயே விழுகிற அடி மட்டும்தான் மேலே எழும்பும். ஆனால் ஆயுத பூஜை அன்று எல்லா மெஷினும் ஓய்வெடுக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வருடக்கணக்காக அந்த இரைச்சலுக்குள் வேலை பார்த்தால், இரைச்சல் இருப்பதே மறந்துவிடுகிறது. அமைதி எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

இசக்கி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "யக்கா, என் லீவு..." என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

ஸ்டீபன் சார் கையை உயர்த்தினார். "இதுவரைக்கும் போட்ட பாயின்ட் எல்லாம் கேன்சல். ஆளுக்கு ஒரே ஒரு வீச்சு. பி ஷிப்ட்டுக்கு தேசிங்கு, ஏ ஷிப்ட்டுக்கு யாரு?"

ஏ ஷிப்ட் மொத்தமும் திரும்பி இசக்கியைப் பார்த்தது. அவளுக்குத்தானே அவசரம்!

"ஒருத்தர் மூச்சு விடக் கூடாது. சத்தம் வந்துச்சு, பொங்கல் லீவும் கட்" என்றார் சார்.

எங்கள் ஷாப் ஃப்ளோர் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஷீட் கூரையில் ஒரு காக்கா நடந்தது. அதுகூடக் கேட்டது. நல்லவேளை, மைக்குக்குக் கேட்கவில்லை.

தேசிங்கு வீசினார். வளையம் கம்பியில் பட்டு — டிங் — தெறித்து ஓடியது. போர்டில் ஒன்று. நியாயமான, சுத்தமான ஒன்று. அவர் சத்தமில்லாமல் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இசக்கி வந்து நின்றாள். வீசினாள்.

வளையம் மேலே எழும்பி, படுத்த வாக்கில் இறங்கி, ரப்பர் மேட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. சத்தமே இல்லை. போர்டில் பூஜ்யம்.

பிறகுதான் எல்லோரும் உற்றுப் பார்த்தோம். வளையத்தின் நட்ட நடுவில் கம்பி நின்றுகொண்டிருந்தது!

கம்பியைத் தொடாமலே மாட்டியிருந்தாள். ஒரு வாரச் சோதனையில் எனக்கு ஒருமுறைகூட அப்படி விழவில்லை. அதனால் அப்படி ஒன்று விழும் என்றே நான் நினைக்கவில்லை. டிங் இல்லை, அதனால் பாயின்ட் இல்லை. பாயின்ட் இல்லை, அதனால் வீடியோவும் இல்லை. இருப்பதிலேயே நல்ல வீச்சை மெஷின் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ஸ்டீபன் சார் போர்டைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். நோட்டீஸ் போர்டில் தான் எழுதியதைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவே பாவமாக இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. சத்தம் போட்டால் பொங்கல் லீவு கட் ஆயிற்றே!

எங்கள் லைனில் காதில் பஞ்சு மாதிரி பிளக் வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்போம். பேசினால் கேட்காது. எல்லாம் கைஜாடைதான். எத்தனை டிரே வேண்டும் என்பதற்கு விரல், டீ வேண்டும் என்பதற்குக் கட்டைவிரல்.

தேசிங்கு மெதுவாகக் கையைத் தூக்கினார். மூன்று விரல்.

அவருக்குப் பின்னால் நின்ற பி ஷிப்ட் பையன் ஒருவன் பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். தேசிங்கு அவன் தலையில் ஒன்று வைத்தார், சத்தம் வராமல். பிறகு ஏ ஷிப்ட்டில் ஒரு கை. பி ஷிப்ட்டில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் பார்த்தால்... அந்தக் கூடம் முழுக்க மூன்று விரல்கள். சட்டையை இழுத்த பையனும் தூக்கியிருந்தான்.

"சரி, பேசலாம்" என்றார் ஸ்டீபன் சார். "ஆனா மெஷின் பூஜ்யம்னு காட்டுதேப்பா? நான் எழுதிப் போட்டுட்டேனே?"

"மெஷினு செவுடு சார்" என்றார் தேசிங்கு. "நாங்க இன்னா குருடா?"

ஸ்டீபன் சார் போய் அந்த நோட்டீஸைக் கிழித்தார். அவர் ஒரு விதியைக் கிழித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கத்தல் கிளம்பியது பாருங்கள்! என் போர்டு தொண்ணூற்றொன்பதைத் தொட்டு, அதற்கு மேல் எண்ணத் தெரியாமல் நின்றுவிட்டது.

நான் இசக்கியைப் பிடித்துக்கொண்டேன். "எப்படிடீ வீசினாய்?"

"எனக்கென்ன தெரியும்? பயத்துல கண்ண மூடிட்டேன்க்கா!"

தேசிங்கு அதைக் கேட்டுவிட்டார். "இத்த மொதல்லயே சொல்லியிருந்தா வெரலு தூக்கியிருக்க மாட்டேன்ல, தங்கச்சி!"

"இப்பம் எறக்க முடியாதுல்லா அண்ணே!"

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. சத்தம் போடுகிறதை எண்ணுவதற்குத்தான் நாம் எல்லா மெஷினையும் செய்துவைத்திருக்கிறோம். அலறினால் பதிவாகிறது. இடித்தால் பதிவாகிறது. மெஷினை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? ஆபீஸிலும் இதே கதைதானே? எங்கும் மோதாமல், யாரையும் இடிக்காமல், நேராகப் போய்ச் சரியான இடத்தில் விழுகிற வேலைக்கு எந்த போர்டில் விளக்கு எரிகிறது? பக்கத்தில் நிற்கிறவர்கள் விரலைத் தூக்கினால்தான் உண்டு. அதுவும் எதிர் டீமில் நிற்கிறவர்கள் தூக்கினால்... அதற்கு ஈடாக ஒரு சென்சாரை என்னால் செய்ய முடியாது. முயற்சி செய்வேன், அது வேறு விஷயம்.

தீபாவளி அன்று காலை, லைன் குரூப்பில் இசக்கியிடமிருந்து வீடியோ கால். வல்லம் வடகால் ரூமிலிருந்து பி ஷிப்ட் பிள்ளைகள் சேர்ந்தார்கள். மண்ணூரிலிருந்து தேசிங்கு எண்ணெய்த் தலையோடு சேர்ந்தார். இசக்கி ஊரில் தெருவெல்லாம் வெடி. அவள் பேசியது ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுப் புடவை தெரிந்தது. பின்னால் புது வேட்டியில் மாப்பிள்ளை கூச்சத்தோடு ஓர் அதிரசத்தைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

தேசிங்கு மட்டும் போனுக்குள் கத்தினார்: "மாப்ள, பொங்கலுக்கு நாங்க லீவு! எங்களுக்கும் சேத்து இப்பவே தின்னு!"