வெட்டமாட்டேன் என்ற அடி

உளியைத் தட்டத் தட்டப் பாட்டைத் திட்டிக்கொண்டே இருப்பார். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே பழைய துதிப்பாட்டிலிருந்துதான் ஓரடி கேட்பார்கள். வெட்டி வெட்டியே பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

"இதை எழுதினவன் மழையைப் பத்திச் சொன்னான் பாரு, அங்க அவன் மனுஷன்," என்பார். உளி அடுத்த எழுத்துக்கு நகரும். "இந்த இடத்துல வெறும் ஜால்ரா. பெரிய இடம்னதும் குனிஞ்சுட்டான்." கல் கேட்டு வந்தவர் துக்கத்தோடு நிற்கிறாரே என்றெல்லாம் பார்க்கமாட்டார். புருவத்தில் கல்மாவு, நாக்கில் நெருப்பு.

அக்கா மகன் போனபின் ஓரடியை மட்டும் வெட்டுவதையே நிறுத்திவிட்டார்: 'விளக்கை ஏற்றியதும் நீயே, அணைத்ததும் நீயே.' தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. மீசை அரும்பிய வயதில் ஒரு காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. அந்த அடியைக் கேட்டு யார் வந்தாலும், "வேற கடை பாருங்க," என்று வாசலோடு சரி.

பிள்ளையின் கல்லில் பெயரை வெட்டி முடித்த அன்று அக்கா பட்டறைக்கு வந்தாள். பெயருக்குக் கீழே அதே அடிதான் வேண்டுமாம்.

"உனக்குப் புத்தி இருக்காக்கா? எழுதினவன் புள்ளையைப் பறிகொடுத்திருந்தா இப்படி எழுதுவானா?"

"பறிகொடுத்தவ நான்தான் கேக்குறேன். வெட்டு."

"அணைச்சவனுக்கு நன்றிக் கடுதாசி, அதுவும் என் கையால?"

"ஊரான் வீட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் இதைத்தானே வெட்டுன? அப்ப இனிச்சுதா?"

காலருகே இருந்த வாளியை ஓர் உதை விட்டார். தண்ணீர் பட்டறை முழுக்க ஓடியது. அக்கா சேலையைக்கூடத் தூக்கிக்கொள்ளவில்லை.

"அவன் அநாதையாப் போகலடா, யாரோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு நினைச்சாதான் எனக்குச் சோறு இறங்குது. முடியாதுன்னா சொல்லிடு. எதிர்க்கடை மெஷின்ல குடுத்துக்கறேன்."

"அவன் தொடட்டும், கையை முறிக்கிறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து கோடு போட்டார். உளியை வைத்து, சுத்தியலையும் ஓங்கிவிட்டார். அப்படியே நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை உதறி, தெறிக்கிற சில்லு படாதபடி பிள்ளையின் பெயர்மீது போர்த்தி, இரண்டு பக்கமும் ஓரத்தைக் கல்லுக்கடியில் செருகிவிட்டார்.