பலகைக்கு ஓர் இஸ்திரி

ஊராட்சி அலுவலகம் சொல்லும் எதையும் அவள் கேட்டவுடன் நம்பியதில்லை. இனிமேல் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தால், மற்றவர்கள் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுத் திரும்பிப் படுப்பார்கள். அவள் மறுநாள் ஐந்தேமுக்காலுக்கே குடத்தோடு குழாயடியில் நிற்பாள். தண்ணீர் ஆறு பதினேழுக்கு வந்தால் நாட்காட்டியில் அந்தத் தேதிக்குக் கீழே ஆறு பதினேழு என்று எழுதி வைப்பாள். தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று என்று அறிவித்த வாரம், ஊசி போட்ட அடையாளமாக முதுகில் பச்சைச் சாயம் பூசியிருந்த நாய்களைத் தெருத் தெருவாக எண்ணிக்கொண்டு போனாள். சாயம் இல்லாத நாய் ஒன்று துரத்தியபோது, ஓடிக்கொண்டே அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள்.

இதனால் ஊரில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா. தலை மறைந்ததும் பூதக்கண்ணாடி. அது அவளுக்கும் தெரியும். வேன் ஓட்டும் அவள் கணவர் மட்டும் நேருக்கு நேராகவே கேலி செய்வார். "உனக்குப் பொழுது விடிஞ்சாக்கூட, யார் கையெழுத்துப் போட்டு விடிஞ்சதுன்னு பாத்துட்டுத்தான் எந்திரிப்ப."

யாரையும் நம்பாத அவளை ஊர் முழுக்க நம்பியது என்பதுதான் வேடிக்கை. பிழைப்பு இஸ்திரி வண்டி. நாலு சைக்கிள் சக்கரம், மேலே தடித்த பலகை, அதன் மேல் மடித்துப் போட்ட கம்பளி, தலைக்கு மேல் தகரம், கரி போட்ட இரும்புப் பெட்டி. தேய்ப்பதற்கு முன் ஒவ்வொரு துணியின் பையிலும் கைவிட்டுப் பார்ப்பாள். மோதிரம், பேருந்துச் சீட்டு, மாத்திரை, எவரோ எவருக்கோ எழுதிய கடிதம் என்று எது கிடைத்தாலும், துணி மடிந்து திரும்பும்போது மேலே வைத்துக் கொடுத்துவிடுவாள். காகிதமாக இருந்தால் பிரிக்க மாட்டாள். ஊரின் பாதி ரகசியம் அவள் கம்பளி மேல் படுத்து எழுந்து போயிருக்கிறது. ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவளிடம் துணி வருவதற்குச் சூடான பெட்டியைவிட இதுதான் பெரிய காரணம்.

அன்று புதன்கிழமை. ஊராட்சி எழுத்தரின் கறுப்பு பேன்ட். பின் பையில் எட்டாக மடித்த தாள் ஒன்று இருந்தது. எடுத்து ஓரமாக வைத்தாள். பழைய மடிப்பு போலிருக்கிறது. காற்றில் தானாகவே பாதி பிரிந்துகொண்டது. அந்தப் பாதியில் ஒரு படம். நீண்ட கட்டம் ஒன்று, அதை ஒட்டி மெலிந்த சந்து, சந்தின் கோடியில் நாலு சின்னக் கட்டங்கள். நாலாவது கட்டத்துக்கு முன்னால் ஒரு வட்டம். அவள் வீட்டுக்கு முன்னால் மூடிக் கிடக்கும் பழைய கிணறுதான் அந்த வட்டம் என்று புரிய அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

மீதிப் பாதியை விரல் பிரித்தது. தான் பிரிக்கவில்லை, விரல்தான் பிரித்தது என்று பிறகு பலமுறை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். சந்து முழுவதையும் பக்கத்துக் கிடங்குக்காரருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் அலுவலகப் பலகையில் ஒட்டியுள்ள அறிவிப்பின் எண்ணைக் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்கலாம். அது ஒட்டுவதற்கு முன் எழுதிய வரைவு போலும், எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்தச் சந்து அவள் வண்டிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம். தினமும் காலையில் கணவர் முன்னால் இழுக்க, அவள் பின்னால் தள்ள, வண்டி கிடங்குச் சுவரை உரசாமல் தெருவுக்கு வரும். சந்து போனால் பின்பக்கம் சாக்கடை மேல் போட்ட ஒற்றைப் பலகைதான் வழி. ஆள் போகலாம். வண்டி போகாது. வண்டி போகாவிட்டால் அவள் எதைக் கொண்டு பிழைப்பாள்?

தாளை எட்டாக மடித்து, பேன்ட்டின் மேல் வைத்து, நூல் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் இந்த முறை கேலி செய்யவில்லை. நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடலாமே என்றார். எண் இல்லாமல் வாங்க மாட்டார்கள் என்றாள். போய்க் கேட்டால் எண்ணைச் சொல்லப் போகிறார்கள் என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால்? பையிலிருந்து படித்தேன் என்று ஒரு தடவை சொன்னால் போதும். சந்து இருந்தும் வண்டிக்கு வேலை இருக்காது. பலகையில் பார்த்தேன் என்று சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பலகையில் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் பலகையை அவள் வாரம் இரண்டு முறை படிப்பவள். அப்படி ஓர் அறிவிப்பு அதில் இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

வியாழன் காலை அலுவலகம் போகும் வழியில் எழுத்தர் துணி வாங்க வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். தாளைப் பார்த்ததும் அந்த அவசரம் நின்றது.

"பையில இருந்துச்சாக்கா?"

"இருந்தபடியே வெச்சிருக்கேன் தம்பி."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இஸ்திரி போடுறவ துணியத்தான் பாப்பா."

எழுத்தர் தாளையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஊரில் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று இருபது வருஷம் நாட்காட்டியில் குறித்தவள், தான் சொன்ன பொய்யின் ருசியை அன்றுதான் பார்த்தாள். அது நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அலுவலக வாசலில் இரண்டு கொக்கியில் தொங்கும் மரப்பலகை. அதில் பாதியை அடைத்துக்கொண்டு கண் பரிசோதனை முகாம் சுவரொட்டி. முகாம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வாட்ஸ்அப் குழுவில் எழுத்தர் அதை மூன்று முறை போட்டிருந்தார், சந்து பற்றி ஒரு முறைகூட இல்லை. அவள் கட்டை விரலைச் சுவரொட்டியின் மேல் மெல்ல ஓட்டினாள். சட்டைத் துணிக்கு உள்ளே கிடக்கும் மடிப்பைக் கண்டுபிடிக்கிற விரல் அது. நடுவில் ஒரு விளிம்பு தட்டியது. அங்கிருந்து கீழே வந்தால் இன்னொன்று. கண் வரைந்த படத்துக்கு அடியில் ஒரு சின்னத் தாள் இருந்தது.

ஆக, மறைத்திருக்கிறார்கள்.

யார்? பலகையில் ஒட்டுவது அலுவலக உதவியாளர். ஊர் அவரைப் பசைவாளி என்று கூப்பிடும். டீக்கடையில் பிடித்தாள். யார் சொல்லி அந்தச் சின்னத் தாள் மேல் பெரியதை ஒட்டினீர்கள் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை என்றார். அவள் விடவில்லை. கிடங்குக்காரர் சொன்னாரா, எழுத்தர் சொன்னாரா, எவ்வளவு நாளாக இது நடக்கிறது என்று அடுக்கினாள். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"என்னம்மா இப்படிக் கேக்குற? நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய அதிகாரி வந்தாரு. பலகையா இது, கிழிஞ்ச கந்தலான்னு எல்லார் முன்னாடியும் திட்டினாரு. அன்னையிலேர்ந்து பெருசு வந்தா சின்னது எல்லாத்தையும் மூடி ஒட்டிடுவேன். பாக்க லட்சணமா இருக்குல்ல?"

"சின்னதுல என்ன எழுதியிருக்குன்னு படிப்பீங்களாண்ணே?"

"ஒட்டுறவன் எதுக்குப் படிக்கணும்?"

அவரை நம்பலாமா என்று அன்று இரவு முழுவதும் புரண்டாள். நம்பினால், மறைத்தவன் என்று ஒருவனும் இல்லை. நம்பாவிட்டால், இந்த மனிதர் நாலு வருஷமாகத் திட்டமிட்டு நடிக்கிறார். இரண்டும் அவளுக்கு ஒத்துவரவில்லை. மறைந்தது உண்மை, மறைத்தவர் இல்லை என்பது அவளைப் போன்றவர்களுக்கு ஜீரணமாவது கஷ்டம். எழுத்தருக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்காதா? தெரிந்து, பேசாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

வெள்ளிக்கிழமை காலை வண்டியை வழக்கமான மரத்தடிக்குத் தள்ளவில்லை. நேரே ஊராட்சி அலுவலக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், பெட்டியில் கரி போட்டு விசிறினாள். எழுத்தர் வெளியே வந்தார். பலகையில் ஓர் அறிவிப்பு அடியில் மாட்டியிருக்கிறது, அதைப் படிக்க வேண்டும் என்றாள். அலுவலகச் சொத்து, கிழித்தால் வழக்கு வரும் என்றார் எழுத்தர்.

"கிழிக்க மாட்டேன். தேய்ச்சு எடுக்குறேன்."

அதற்குள் வாசலில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு ஊராட்சித் தலைவர் அம்மா எட்டிப் பார்த்தார். முதல் முறையாகப் பதவிக்கு வந்தவர். எல்லாவற்றுக்கும் எழுத்தர் முகத்தைப் பார்ப்பவர். அன்று எழுத்தர் முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை போலும். என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று சொல்லிவிட்டார். பசைவாளியே பலகையைக் கொக்கியிலிருந்து கழற்றி, சட்டையை விரிப்பது போலக் கம்பளி மேல் படுக்க வைத்தார்.

ஈரத்துணியைப் போர்த்தி, அதன் மேல் பெட்டியை வைத்து எடுத்தாள். வைத்து எடுத்தாள். மாவுப் பசை இளகும் வாசனை வந்தது. ஓரத்தை நகத்தால் தூக்கினாள். கண் படம் கிழியாமல், தோல் உரிவது போல் முழுசாக எழுந்து வந்தது. அடியில் சின்னத் தாள்: சந்து, குத்தகை, எண், முத்திரை, ஒட்டிய தேதி. சுவரொட்டியின் மூலையில் இருந்த தேதிப்படி, சின்னதை ஒட்டிய மூன்றாம் நாளே கண் படம் அதன் மேல் ஏறியிருந்தது. தலைவர் அம்மா இரண்டு தேதிகளையும் விரல் விட்டு எண்ணினார்.

அவள் கை அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அடுத்த படலத்தையும் உரித்தாள். பின் தெருவுக்குப் புதுக் குழாய் இணைப்பு, விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கவும். தேதி போன வருஷம். தனக்கு மட்டும் தண்ணீர் தரவில்லை என்று அது நாள் வரை எழுத்தரை ஏசிக்கொண்டிருந்த பின் தெருத் தையல்காரர் அதைப் படித்துவிட்டுத் திரும்பப் படித்தார். அதற்கும் அடியில் இன்னொன்று. சந்து முனை விளக்குக் கம்பம் பத்தடி தள்ளி நடப்படும், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். அந்தக் கம்பத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் நகர்த்திவிட்டார்கள் என்று மூன்று வருஷமாக ஊர் முழுக்கச் சொன்னவள் அவள்தான். சொல்லித்தான் இருக்கிறார்கள். அந்தத் தாளை அவள் மற்றவர்களுக்குக் காட்டாமல் திருப்பிப் போடப் பார்த்தாள். பிறகு திருப்பாமல் விட்டாள்.

ஐந்து மணி ஆகக் காத்திருக்காமல், எண்ணைப் பார்த்து அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். சந்தில் உள்ள மற்ற மூன்று வீட்டாரும் கையெழுத்துப் போட்டார்கள். அறிவிப்பு மறைந்து கிடந்ததால் அதைப் புதிதாக ஒட்டி இன்னும் பதினைந்து நாள் கொடுக்கும்படி தலைவர் அம்மா எழுதினார். வாசலில் எல்லாரும் போன பிறகு எழுத்தர் வண்டிப் பக்கம் வந்தார்.

"அது அடியில போனது எனக்கு எப்படித் தெரியும்க்கா?"

"தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

பதினாறாம் நாள் கூட்டத்தில் கிடங்குக்காரர் சத்தம் போடவில்லை. தன் கிடங்கின் மறுபக்கம் இடமிருக்கிறது, அங்கே கொட்டகை போட்டுக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். சந்து சந்தாகவே இருக்கும் என்று முடிவாகிக் குறிப்பேட்டில் ஏறியது. எழுந்து போகும்போது மட்டும் ஒன்று கேட்டார்.

"பெரிய காகிதத்துக்கு அடியில சின்னது இருக்குன்னு இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"விரல் வெச்சுப் பாத்தேன்," என்றாள் அவள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுத்தர் தன் பின் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் தொட்டதை முன் வரிசையில் இருந்த நாலைந்து பேர் பார்த்தார்கள்.

இப்போது பசைவாளி பெரியதை ஒட்டி, அதன் மேல் சின்னதையெல்லாம் ஒட்டுகிறார். பலகை ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. அவள் வாரம் மூன்று முறை படிக்கிறாள், விரலும் வைத்துப் பார்க்கிறாள். வண்டி சந்தில் நாலு விரல் மிச்சத்தோடு வந்து போகிறது. துணியும் குறையவில்லை.

திங்கட்கிழமை எழுத்தரின் மூட்டையை அவிழ்த்தாள். கறுப்பு பேன்ட்டின் மூன்று பைகளும் நாக்கைத் தொங்கப் போட்டது போல வெளியே இழுத்து விடப்பட்டிருந்தன. அதற்கு அடுத்த மூட்டை தையல்காரருடையது, அதிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும். வெளியே தொங்கிய பைகளையும் சேர்த்து அவள் தேய்த்து, உள்ளே தள்ளி, மடித்து வைத்தாள். எழுத்தரின் பேன்ட்டில் இடுப்புக்குக் கீழே சில்லறை போட ஒரு குட்டிப் பை உண்டு. வெளியே இழுக்க வராது. பழக்கம் விடவில்லை. ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள்.

காலியாக இருந்தது. துடைத்து வைத்தது போலக் காலியாக இருந்தது. அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.